காட்டன் தாள் என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள்: வாட்டர்கலர் வரைபவர்கள் கவனியுங்கள்

கோவையில் வாட்டர்கலர் தாளை உதிரியாக வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். பெரிய தாளை வெட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, நூறு சதவீதக் காட்டன், 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 300 கிராம்), வெளிநாட்டுச் சரக்கு என்று ஒரு கடையில் கொடுத்தார்கள். விலையும் அதற்கேற்ற விலைதான். அது காட்டனும் இல்லை, 300 ஜிஎஸ்எம்மும் இல்லை.

காங்கேயம் பக்கம் இருக்கிற அம்முச்சியின் (அம்மாவின் அம்மா) தோட்டத்து வீட்டை மாமா இடிக்கப் போகிறார். அதற்குள் அடுப்படியில் அம்முச்சி உட்கார்ந்திருப்பதை நேரில் பார்த்து வரைந்துவிட வேண்டும் என்றுதான் நல்ல தாளாகத் தேடிப் போனேன். அந்த அடுப்படிக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியே இறங்கும் வெளிச்சம் அம்முச்சியின் தோளிலும் வெள்ளைச் சேலையிலும் மட்டும் விழும். புகை ஏறிய சுவர், விறகடுப்பு, மூலையில் ஆட்டுக்கல் எல்லாம் இருட்டுக்குள் கிடக்கும்.

இப்படி ஒரு படத்துக்குத் தாள்தான் உயிர். வாட்டர்கலரில் சேலையின் வெள்ளை என்பது தாளின் வெள்ளையேதான். அதைக் காப்பாற்ற அந்த ஓரத்தில் மாஸ்கிங் ஃப்ளூயிட் தடவிக்கொள்வோம்; நிறம் படாமல் மறைத்து, காய்ந்தபின் உரித்தெடுக்கிற ரப்பர் மாதிரித் திரவம் அது. சுற்றியிருக்கும் இருட்டை ஒரே பூச்சில் கொண்டுவந்தால் சேறாகிவிடும். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்து, மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மறுபடி மேலே பூச வேண்டும். நல்ல காட்டன் தாளில் இழைகள் நீளம், தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாமல் இருக்கத் தாளில் ஏற்றும் பசையும் நன்றாக இருக்கும். அதனால் இத்தனையையும் தாங்கும். மரக்கூழில் செய்த மட்டமான தாள் தாங்காது.

எனக்கு நடந்தது அதுதான். முதல் பூச்சையே தாள் உறிஞ்சித் திட்டுத் திட்டாக்கியது. இரண்டாவது பூசும்போது கீழே இருந்த நிறம் கரைந்து வந்தது. மேல்தோல் உருண்டு உருண்டு எழுந்தது. கடைசியில் மாஸ்கிங்கை உரித்தபோது சேலை ஓரமும் அம்முச்சியின் கன்னமும் சேர்ந்தே கிழிந்துவிட்டன. முதுகு வலியோடு அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தவரிடம் அதைக் காட்டவே மனசு வரவில்லை.

கடையில் கேட்டதற்கு, "தண்ணி ஜாஸ்தி விட்டிருப்பீங்க, பேப்பர்ல ஒண்ணும் கொறை இல்லீங்க" என்றார் கடைக்காரர். வாட்டர்கலர் தாளுக்குத் தண்ணீர் ஆகாது என்றால் எதற்கு அந்தப் பெயரில் விற்கிறார்? பில்லைப் பார்த்தால் 'டிராயிங் பேப்பர்' என்று மட்டும் இருக்கிறது. அதைக் காட்டியே பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். திருப்பூர் பனியன் கழிவிலிருந்தே நல்ல காட்டன் கைக்காகிதம் செய்கிறார்கள். பருத்தியால் பிழைக்கிற இந்த மண்ணிலேயே பருத்தித் தாள் என்று சொல்லி மரக்கூழை விற்பது ரொம்பக் கேவலம்.

வாங்கும்போது எடை போட்டுப் பாருங்கள். 56×76 செ.மீ. முழுத் தாள் 300 ஜிஎஸ்எம் என்றால் 128 கிராம் அளவுக்கு இருக்க வேண்டும், அதில் கால் தாள் 32 கிராம். எனக்குக் கொடுத்த கால் தாள் 24 கிராம்தான் இருந்தது. எடை சரியாக இருந்தாலும் காட்டன்தானா என்பது தெரியாது. அதற்கு ஒரு மூலையில் மாஸ்கிங் தடவி, காய்ந்ததும் உரியுங்கள். பக்கத்திலேயே ஈரத் தூரிகையால் கொஞ்சம் தேய்த்தும் பாருங்கள். முடிந்தால் வெட்டாத முழுத் தாளாகவே வாங்குங்கள். பல நல்ல கம்பெனித் தாள்களில் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் கம்பெனி பெயர் வாட்டர்மார்க்காகத் தெரியும். வெட்டிவிட்டால் பல துண்டுகளில் அந்த அடையாளம் இருக்காது.

பில்லில் கம்பெனி பெயர், காட்டன், ஜிஎஸ்எம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அப்புறம் அங்கே நிற்க வேண்டாம். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். மீதித் தாள்களையும் உறையையும் அப்படியே வைத்திருக்கிறேன். இதே மாதிரி உறையில் வாங்கியவர்கள் உங்களிடம் இருப்பதை எடை போட்டுவிட்டு, பில்லோடு நீங்களும் புகார் கொடுங்கள்.