ஐ.எஸ். 456: கணக்கு டீச்சர் வீடு கட்டியபோது வாங்கிய மலிவான பொருள்

பாலக்கோட்டில் 1,150 சதுர அடியில் வீடு கட்டிக் குடிபுகுந்து நான்கு மாதம் ஆகிறது. செலவுக் கணக்கை ஒரு 200 பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கம்பி, சிமெண்ட், எம்-சாண்ட், சென்ட்ரிங் வாடகை, மேஸ்திரிக்கு வாராவாரம் கொடுத்தது, நிலைவாசல் வைத்த அன்று வாங்கிய பூசணிக்காய் வரைக்கும் எல்லாம் அதில் இருக்கிறது. நடுவில் ஒரு வரி: "புத்தகம் பிரிண்ட், ஸ்பைரல் – 165".

அந்த 165 ரூபாய்ச் சமாச்சாரத்துக்குத்தான் இந்த விமர்சனம். அதன் பெயர் ஐ.எஸ். 456 : 2000. சாதாரண காங்கிரீட்டும் கம்பி போட்ட காங்கிரீட்டும் எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய தர நிர்ணய அமைவனம், அதாவது பி.ஐ.எஸ்., வெளியிட்ட விதிநூல். முதலில் 1953-இல் வந்தது. 1957, 1964, 1978 என்று திருத்தித் திருத்தி, நான் பிரிண்ட் எடுத்தது 2000-ஆம் ஆண்டின் நான்காவது திருத்தம். முன்பு இதையெல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டும். இப்போது பி.ஐ.எஸ். இணையதளத்தில் பெயரைப் பதிந்தால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எனக்குச் செலவானது தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரிண்ட் போட்ட கடைக்கு மட்டும்தான். ஒன்று சொல்லிவிடுகிறேன்: விதிநூலுக்குப் பின்னால் வந்த திருத்தத் தாள்களையும் சேர்த்து இறக்குங்கள். நான் முதல் தடவை அதை விட்டுவிட்டு, மறுபடி கடைக்கு நடந்தேன்.

நான் முப்பது வருஷம் கணக்கு டீச்சர். கட்டடம் படித்தவள் இல்லை. எங்கள் எஞ்சினியர் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன். மேஸ்திரி எங்கள் பக்கத்து ஊர்க்காரர், கை சுத்தமானவர். இரண்டு பேர் மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சைட்டில் எதைக் கேட்டாலும் "எல்லாம் சரியா இருக்கும் டீச்சர்" என்று ஒரே பதில் வரும். முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தினவளுக்கு, வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதினால் மார்க் போட மனசு வராது. அதனால்தான் இந்தப் புத்தகம்.

நூறு சொச்சம் பக்கம். முதலில் புரட்டினால் தலை சுற்றும். மூன்றாம் பகுதியில் தொடங்கிக் கடைசி வரைக்கும் வடிவமைப்புக் கணக்கு. பெரும்பாலும் எஞ்சினியருக்கானது, தாராளமாகத் தாண்டிவிடலாம். வீடு கட்டுகிறவருக்கு வேண்டியது இரண்டாம் பகுதி, விதி 5 முதல் 17 வரை. சிமெண்ட், ஜல்லி, தண்ணீர், கலவை, சென்ட்ரிங், கம்பி கட்டுவது, காங்கிரீட் போடுவது, நீராற்றுவது, சோதனைக்குக் காங்கிரீட் கியூப் எடுப்பது என எல்லாம் இருபது பக்கத்துக்குள். அதோடு 26-ஆம் விதியில் கம்பிக்கு எவ்வளவு கவர், அதாவது கம்பியை மூடி எவ்வளவு கனம் காங்கிரீட் இருக்க வேண்டும் என்கிற பகுதி. அவ்வளவுதான். சாயந்திரம் ஒரு மணி நேரம் என்று நான்கைந்து நாளில் படித்துவிட்டேன்.

முதலில் கலவையில் சோதித்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் மூட்டைக்கு இத்தனை சட்டி மணல், இத்தனை சட்டி ஜல்லி என்றுதான் கணக்கு. புத்தகத்தில் அட்டவணை 9 எடையில் பேசுகிறது: எம்20 ரகக் காங்கிரீட் (எம்-க்குப் பின்னால் எண் கூடினால் வலு கூடும்) என்றால் 50 கிலோ சிமெண்டுக்கு மணலும் ஜல்லியும் சேர்த்து 250 கிலோ, ஒரு பங்கு மணலுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு ஜல்லி, தண்ணீர் 30 லிட்டருக்கு மேல் கூடாது. சட்டி எத்தனை கிலோ என்று யாருக்குத் தெரியும்? என் தம்பி தக்காளி மண்டியில் இருக்கிறான். அவனிடம் எலெக்ட்ரானிக் தராசைக் கடன் வாங்கி வந்தேன். மேஸ்திரி சிரித்தார். "தக்காளிக்கும் ஜல்லிக்கும் ஒரே தராசா டீச்சர்" என்றார். எங்கள் சட்டியில் கோபுரமாக அள்ளினால் எம்-சாண்ட் 21 கிலோ, முக்கால் இன்ச் ஜல்லி 19 கிலோ. அவர் வழக்கமாகப் போடுவது 5 சட்டி மணல், 9 சட்டி ஜல்லி. கூட்டிப் பார்த்தால் 276 கிலோ! மணலை நாலு சட்டியாக்கி, ஒன்பதாவது ஜல்லிச் சட்டியைக் கொஞ்சம் தட்டிவிட்டால் 250 வந்துவிடுகிறது. அன்றிலிருந்து அவரே "தட்டிப் போடு, தட்டிப் போடு" என்று சித்தாளிடம் சொல்ல ஆரம்பித்தார்.

இப்படி அட்டவணையைப் பார்த்தே போடுகிற 'நாமினல்' கலவை எம்20 வரைக்கும்தான் செல்லும். மண்ணுக்குள் இருக்கிற அஸ்திவாரம் அட்டவணை 3-இன்படி 'மிதமான' சூழலில் வருகிறது. அதற்கு அட்டவணை 5 எம்25 கேட்கிறது. எம்25-க்குச் சட்டிக் கணக்கு ஆகாது, ஆய்வகத்தில் கலவை வடிவமைக்க வேண்டும். இதை எஞ்சினியர் பையனிடம் கேட்டபோது கொஞ்சம் நெளிந்தான். பிறகு அவனே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்து எடைக் கணக்கு வாங்கி வந்தான். கேட்டிருக்காவிட்டால் வந்திருக்குமா என்று தெரியாது. அஸ்திவாரத்துக்கும் பில்லருக்கும் பீமுக்கும் தளத்துக்கும் அந்தக் கணக்குத்தான்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது. எங்கள் மாவட்டத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு என்பது ஊரறிந்த கதை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். வகுப்பில் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் காவிக்கோடு தெரியும். அப்படிப் பார்த்தே பழகினவள் நான். அதனால் தண்ணீர் அட்டவணையை எடுத்ததும் ஃப்ளோரைடைத்தான் தேடினேன். இல்லவே இல்லை. குளோரைடு இருக்கிறது, கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. சல்பேட் 400. பி.எச். 6-க்குக் குறையக் கூடாது. எங்கள் போர் தண்ணீரைச் சோதித்ததில் குளோரைடு 310, பி.எச். 7.8. ஆக, நாங்கள் குடிக்கப் பயப்படுகிற தண்ணீரைக் காங்கிரீட் நிம்மதியாகக் குடிக்கலாம்.

சரி, சண்டைக்கு வருகிறேன். இந்தப் புத்தகத்துக்கு நான் உண்மையாகவே நன்றி சொன்ன இடம் அதுதான்.

கார்த்திகைக் கடைசியில் மேல்தளம் போட்டோம். ஆறாம் நாள் காலையில் சென்ட்ரிங் வாடகைக்கு விட்டவரின் ஆட்கள் வண்டியோடு வந்து நின்றார்கள். வேறு சைட்டுக்கு ஷீட்டும் முட்டும் வேண்டுமாம். "ஆறு நாள் ஆச்சு, கல்லு மாதிரி இருக்கு டீச்சர், எல்லா வீட்டிலும் இப்படித்தான்" என்றார் சென்ட்ரிங்காரர். நான் ஸ்பைரல் புத்தகத்தோடு படியேறினேன். விதி 11.3.1. தளத்தின் அடிப்பலகையை 3 நாளில் எடுக்கலாம், ஆனால் எடுத்த உடனே முட்டுகளைத் திரும்ப நிறுத்திவிட வேண்டும். முட்டுகளை மொத்தமாக எடுக்க, 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21.

எங்கள் படுக்கையறைகள் 11 அடி அகலம். ஹால் 16-க்கு 20. குறுக்கே 16 அடி என்றால் 4.88 மீட்டர். அப்படியானால் ஹாலுக்கு 14 நாள். "ஒண்ணேகால் அடி அதிகமானா ஏழு நாள் ஏறுமா?" என்று சென்ட்ரிங்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். எல்லைக்கோடு என்றால் எங்கேயோ ஒரு இடத்தில் போட்டுத்தானே ஆக வேண்டும், 34 மார்க்குக்காரனும் என்னிடம் இதையேதான் கேட்பான்.

ஆனால் அந்த அட்டவணைக்கு மேலே ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைப் பலர் படிப்பதில்லை என்று நினைக்கிறேன். இந்த நாள் கணக்கெல்லாம் சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு, வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகாதபோது, ஒழுங்காக நீராற்றியிருந்தால். வேறு சிமெண்ட் என்றால் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். நாங்கள் வாங்கின மூட்டையில் என்ன போட்டிருக்கிறது? பி.பி.சி., ஐ.எஸ். 1489. சாம்பல் கலந்த சிமெண்ட், ஆரம்பத்தில் மெதுவாகத்தான் இறுகும். எங்கள் பக்கம் கடையில் "சிமெண்ட் குடுங்க" என்றால் கையில் வருவது பெரும்பாலும் இதுதான். அந்த வாரம் விடியற்காலையில் மொட்டை மாடியில் வைத்த தெர்மாமீட்டர் 16 காட்டியது. எஞ்சினியருக்குப் போன் போட்டு அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன். அவன் யோசித்துவிட்டு, ஹாலுக்கும் பீமுக்கும் 21 நாள், மற்றதற்கு 14 நாள் என்றான். கூடுதல் வாடகை 5,400 ரூபாய் நோட்டில் ஏறியது. எங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நீராற்றுவதிலும் இதே கதை. ஏழு நாள் என்று எல்லோருக்கும் தெரியும். அது சாதாரண சிமெண்டுக்கு. பி.பி.சி. மாதிரிக் கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 என்று விதி 13.5.1 சொல்கிறது. தளத்தில் பாத்தி கட்டி நிறுத்திவிட்டோம், அது சுலபம். பில்லருக்குத்தான் சாக்கு சுற்றி நாளைக்கு நாலு தடவை நனைக்க வேண்டியிருந்தது.

புத்தகத்தை வைத்துக்கொண்டு மேஸ்திரியை மடக்கப் போய் நான் மாட்டிக்கொண்ட இடமும் உண்டு. பீமில் கம்பியோடு கம்பி சேர்க்கிற இடத்தில் இரண்டும் எவ்வளவு நீளம் சேர்ந்து போக வேண்டும் என்றால், அவர் கம்பியின் தடிமனைப் போல் "அம்பது மடங்கு" என்பார். 12 எம்.எம். கம்பிக்கு 600 எம்.எம்., அதாவது இரண்டு அடி. எங்கிருந்து வந்தது இந்த அம்பது என்று 26-ஆம் விதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எம்25 காங்கிரீட், எஃப்.ஈ. 500 ரகக் கம்பி, சூத்திரத்தில் போட்டால் 48.5 மடங்கு. அவர் கணக்கு விதியைவிட ஒரு விரல் அதிகமாகவே இருக்கிறது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றவர். போய்ச் சொன்னேன். "எங்க மேஸ்திரி சொல்லிக்குடுத்தது டீச்சர், அவருக்கு யார் சொன்னாங்களோ" என்றார்.

பில்லர் காங்கிரீட்டை 10 அடி உயரத்திலிருந்து கொட்டுவதைத்தான் அவர் விடவில்லை. 1.5 மீட்டருக்கு மேல் விழக் கூடாது என்பது விதி. ஏறத்தாழ 5 அடி. இரண்டு தடவையாகப் பெட்டி அடித்துப் போட வைத்தேன். ஒரு பில்லரில் மட்டும் நான் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது ஒரே தடவையில் கொட்டிவிட்டார்கள். பெட்டி பிரித்ததும் அடியில் ஜல்லி பல்லைக் காட்டியது, தேன்கூடு மாதிரி. கொத்திச் சரி செய்தோம். மற்ற எட்டுப் பில்லரில் அப்படி இல்லை.

ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று இன்னொன்றையும் இறக்கினேன்: எஸ்.பி. 34, கம்பி கட்டும் விவரங்களுக்கான கைநூல், 1987. எனக்கு 456 பிடித்தது. கம்பி கட்டுகிற பையனுக்கு இதுதான். பக்கத்துக்குப் பக்கம் படம். எழுத்துக் கூட்டிப் படிக்கவே வேண்டாம், ரிங் எப்படி வளைப்பது, மூலையில் கம்பி எப்படிப் போவது என்று படத்தைப் பார்த்தே தலையாட்டினான். ஒரு எச்சரிக்கை மட்டும்: அது 1978 பதிப்பை ஒட்டி எழுதியது. படத்துக்கு அதைப் பாருங்கள், கவர் அளவு மாதிரியான எண்களுக்கு 2000 பதிப்பையே பாருங்கள். பில்லருக்கு 40 எம்.எம்., ஃபூட்டிங்குக்கு 50 எம்.எம். கவர் பிளாக் காசு கொடுத்து வாங்குங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கருங்கல் சில்லுக்குப் பஞ்சமே இல்லாததால், ஆளாளுக்கு ஒரு ஜல்லியைக் கம்பிக்கு அடியில் சொருகிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. நான் எடுத்தது முழுக்க ஆங்கிலம். அதுவும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஆங்கிலம். எல்லாம் மில்லிமீட்டர், சைட்டில் எல்லாம் அடி, இன்ச், நூல். கால்குலேட்டர் இல்லாமல் ஒரு வேலை ஆகாது. ஒரு கேள்விக்குப் பதில் தேடினால் இன்னொரு விதிநூலுக்குக் கையைக் காட்டும். ஜல்லி, மணலுக்கு ஐ.எஸ். 383 போ, கம்பிக்கு 1786 போ, கியூப் சோதனைக்கு 516 போ என்று தாலுகா ஆபீஸ் மாதிரி அலையவிடும். 383-ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள்; 2016 பதிப்பில் நொறுக்கிய மணலில் மெல்லிய தூசு 15 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது. எம்-சாண்டைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கிவிட்டு "ஐயோ தூசு" என்று லோடைத் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு உதவும். நானும் ஒரு லோடு அப்படித் திருப்பியவள்தான், படிப்பதற்கு முன்னால்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். எஞ்சினியர் வைக்காமல் இந்தப் புத்தகத்தை மட்டும் நம்பி யாரும் வீடு கட்டிவிடாதீர்கள், அதற்கு இது ஆகாது. பிரிண்ட் எடுக்கும்போது அட்டவணைகள் வருகிற நாலைந்து பக்கத்துக்கு மட்டும் லேமினேஷன் போடச் சொல்லுங்கள். என் பிரதியில் சென்ட்ரிங் பக்கமும் நீராற்றுப் பக்கமும் சிமெண்ட் பால் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிப் போய்விட்டன. இப்போது காம்பவுண்டு சுவர் வேலைக்காக அந்த இரண்டு பக்கத்தை மட்டும் மறுபடி எடுத்தேன். நான்கு ரூபாய், நோட்டில் எழுதியாயிற்று.