ஒன்பது மணிக் கோளாறு: நான்கு ஆண்டு டிஎச்சிபி சர்வர் அனுபவம்

நண்பர் ஒருவர் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறார். தன் கடைக் கணினிகளுக்கும் எங்கள் அலுவலகத்தில் இருப்பதுபோல் ஒரு டிஎச்சிபி சர்வர் (வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி என்ற எண்ணைத் தானாகக் கொடுப்பது) வைக்கலாமா என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டார். ஐந்து நிமிடம் வாய் ஓயாமல் புகழ்ந்தேன். அப்போது என் இடது கையில் இருந்தது, அன்று காலைதான் செத்துப்போன அந்தச் சர்வரின் மெமரி கார்டு. நான்கு ஆண்டுகளில் இது இரண்டாவது.

எங்களுடையது கணக்குத் தணிக்கை அலுவலகம். 26 கணினிகள், 4 பிரிண்டர்கள். முன்பு மோடமே எல்லோருக்கும் ஐபி முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு முறை அதைப் பழுதுபார்க்க வந்தவர் ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டுப் போனார். பிரிண்டர்களுக்கு நான் ஒதுக்கி வைத்திருந்த முகவரிகள் அத்தனையும் அழிந்தன. செப்டம்பர் 30 கெடுவுக்கு நான்கே நாள் இருந்த நேரம். அன்று இரவே வீட்டில் சும்மா கிடந்த பழைய ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கையளவு கணினியை எடுத்துவந்து, முகவரி கொடுக்கும் டிஎன்எஸ்மாஸ்க் மென்பொருளை நிறுவினேன். மோடத்தில் அந்த வேலையை நிறுத்தினேன். முகவரியின் கடைசி எண் 100 முதல் 200 வரை கணினிகளுக்கு, 20க்குக் கீழே பிரிண்டர்களுக்கு. அரை மணி நேர வேலை.

மென்பொருளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. யாருக்கு எந்த முகவரி என்பதை ஒரே ஒரு எழுத்துக் கோப்பில் வரிக்கு ஒருவராக வைத்திருக்கிறது: குத்தகை (முகவரியை வைத்துக்கொள்ளக் கொடுத்த காலம்) முடியும் நேரம், மேக் முகவரி (கருவியின் வலையமைப்பு அடையாளம்), ஐபி, கணினியின் பெயர். நேரம் மட்டும் 1970 முதல் எண்ணிய விநாடிகளில் இருக்கும். மற்றபடி மளிகைக் கடைப் பற்றுநோட்டைப் போலப் படித்துவிடலாம். கணக்குப் பார்க்கும் ஆள் நான். காலையில் காப்பி ஆறும் வரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் தன் உண்மை முகவரியை மறைக்கும் கைப்பேசி. அலுவலக வைஃபையில் எத்தனை பேர் படம் பார்க்கிறார்கள் என்பதற்கு எனக்கு அது போதும்.

சரி, கோளாறுக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை மின்கசிவில் புகை வந்ததிலிருந்து வாட்ச்மேன் அண்ணன் இரவு ஏழு மணிக்கு மெயினை அணைத்துவிடுவார். காலை ஒன்பதுக்கு எல்லாம் ஒன்றாக உயிர்பெறும். முதல் ஆறு மாதம் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு கணினிகளில் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டோம். அன்று தொடங்கியது சனி. கணினி இருபது விநாடியில் எழுந்து முகவரி கேட்கிறது. கிழட்டு ராஸ்பெர்ரி பைக்கு எழுந்து நிற்க இரண்டு நிமிடம் வேண்டும். பதில் கிடைக்காத விண்டோஸ் தானாக 169.254 என்று தொடங்கும், இணையத்துக்கு உதவாத ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் மறுபடி கேட்கும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் என் கைப்பேசி எட்டு முறை அடிக்கும். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே வாக்கியம்தான்: "சார், நெட் வரவில்லை."

ராஸ்பெர்ரி பைக்கு மட்டும் ஒரு சிறு யுபிஎஸ் வைத்துப் பார்த்தேன். இரவெல்லாம் அது கூவிய கூவலில் தூக்கம் கெட்ட வாட்ச்மேன் அண்ணன் மறுநாளே அதையும் அணைத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் மருந்து அகப்பட்டது. நான் கொடுத்திருந்த குத்தகை 12 மணி நேரம். இரவு ஏழு முதல் காலை ஒன்பது வரை 14 மணி நேரம். அதாவது ஒவ்வொரு நாளும் எல்லோருடைய குத்தகையும் தூக்கத்திலேயே முடிந்துகொண்டிருந்தது! அதை ஏழு நாளாக்கினேன். குத்தகை மிச்சம் இருந்தால், சர்வர் பதில் சொல்லாவிட்டாலும் விண்டோஸ் மோடத்தைத் தட்டிப் பார்க்கும். அது பதில் சொன்னால் பழைய முகவரியோடு வேலையைத் தொடங்கிவிடும். ஒரே ஒரு சொல் மாற்றம். அந்த 12 மணி நேரம் மென்பொருளோடு வரும் மாதிரிக் கோப்பில் இருந்தது. யோசிக்காமல் எடுத்துப் போட்டது என் சோம்பல். ஆனாலும் கோபம் என்னவோ மாதிரிக் கோப்பின் மேல்தான்.

கடிகாரத் தொல்லை மட்டும் தீரவில்லை. என் ராஸ்பெர்ரி பையில் மின்கலக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போகும்முன் கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்துதான் எழும்; இணையம் கிடைத்த பிறகே சரியாகும். அதனால் காலை ஒன்பதுக்கு வந்தவர்கள் சர்வரின் பதிவில் முந்தைய நாள் மாலை 6:17க்கு வந்ததாக இருக்கும். ஒரு மாதப் பதிவைப் பார்த்த மேலாளர், மாலையில் இத்தனை பேர் தங்கி வேலை செய்கிறார்களா என்று நெகிழ்ந்துபோனார். நான் திருத்தவில்லை.

நண்பரிடம் இவ்வளவையும் சொல்லி முடித்து, உங்கள் கடையில் இரவு மெயினை அணைப்பீர்களா என்று கேட்டேன். அணைப்போம் என்றார். அப்படியானால் வேண்டாம், மோடமே பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். பிறகு நீ மட்டும் ஏன் வைத்திருக்கிறாய் என்றார். புதுக் கார்டில் கோப்புகள் ஏறிக்கொண்டிருந்தன. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.