லாயத்தில் மாட்டும் நச்சுச் செடிப் படத்தாள்: ஒரு மதிப்பீடு

குதிரை வளர்ப்போருக்கென அச்சிடப்பட்ட நச்சுச் செடிப் படத்தாள் ஒன்றை வாங்கி, தீவன அறையில் மாட்டி, ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திய பின் இதை எழுதுகிறேன். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது, விழுங்கிய நஞ்சை வெளியேற்ற அதற்கு வழியில்லை என்ற குறிப்பைத் தலைப்பின் கீழேயே பெரிய எழுத்தில் வைத்திருப்பது பாராட்டத்தக்கது. ஆமணக்கைப் பற்றிய பகுதி மிக நன்றாக அமைந்திருக்கிறது. ரிசின் என்னும் நஞ்சு விதையில்தான் செறிந்துள்ளது என்பதையும், அதற்குக் குதிரை மிக எளிதில் பலியாகும் என்பதையும் சொல்லி, விதையின் புள்ளிகளைக்கூடத் துல்லியமாகக் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் படங்கள் அனைத்தும் பூத்து நிற்கும் பசுஞ்செடிகளாகவே இருப்பது பெருங்குறை. வேலியோரத்து அரளியை அதன் கசப்புக்காகக் குதிரை பெரும்பாலும் ஒதுக்கிவிடும். அதே கிளை வெட்டுண்டு காய்ந்து தீனியோடு கலந்துவிட்டால் தின்றுவிடக்கூடும், இதயத்தைத் தாக்கும் நஞ்சோ காய்ந்த இலையிலும் குறையாமல் இருக்கும். கிலுகிலுப்பைச் செடியின் நிலை இன்னும் கவலைக்குரியது. அதிலுள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்னும் நச்சுப் பொருள்கள் உலர்த்துவதால் அழிவதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாக உள்ளே சென்று கல்லீரலைச் சிதைத்து, சில வேளைகளில் தீனியை மாற்றிப் பல மாதங்கள் கழிந்த பின்னரே நோயாக வெளிப்படுவதால், எப்போதோ தின்று தீர்ந்த உலர்புல் கட்டின் மீது எவருக்கும் ஐயம் எழுவதில்லை. இதற்கு மாறாக, பச்சையாகத் தின்றால் வாயைப் புண்ணாக்கும் பட்டர்கப் செடி, நன்கு காய்ந்ததும் நஞ்சை இழந்துவிடுகிறது. இவை அனைத்தையும் ஒரே சிவப்பு வட்டத்துக்குள் அடைத்திருப்பது சரியன்று.

தீங்கற்ற தாவரங்களின் வரிசையில் அருகம்புல்லும், பெயரிலேயே குதிரையைச் சுமக்கும் குதிரைமசாலும் முறையாக இடம்பெற்றுள்ளன. சோளப் பயிரையும் அங்கே சேர்த்தது மன்னிக்க இயலாத பிழை. மாட்டுக்குப் பழகிய தீவனம் என்பதற்காகக் குதிரையைத் தொடர்ந்து சோளப் பயிரில் மேயவிட்டால், தண்டுவடமும் சிறுநீர்ப்பையும் பாதிக்கப்பட்டுப் பின்னங்கால்கள் தள்ளாடத் தொடங்கலாம்.

பசும்புல்வெளியில் மட்டும் மேய்ப்பவர்கள், சோளத்தை நீக்கிவிட்டு இதை நம்பிப் பயன்படுத்தலாம். உலர்புல் வாங்குபவர்களுக்கு இது போதாது. நான் சோளத்தின் படத்தின் மேல் கறுப்புத் தாளை ஒட்டி, உலர்ந்த கிலுகிலுப்பைக் காயையும் அரளி இலையையும் கண்ணாடிச் சட்டத்துக்குள் மூடிப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். இப்போது கட்டை அவிழ்ப்பவர் முதலில் அவற்றைப் பார்த்துவிட்டே புல்லை உதறுகிறார்.