தொப்பி போட்டுக்கொண்டு அங்கோர்வாட்

ஊர் போய் இறங்கிய பிறகு தங்க இடம் தேடுகிறவள் நான். கொடி பிடித்தவர் முன்னே நடக்க, ஒரே நிறத் தொப்பிக் கூட்டம் பின்னே போவதைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். 2024 டிசம்பரில் அந்தத் தொப்பியை நானே போட்டுக்கொண்டேன். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம். தனியாகப் போக வீட்டில் விடவில்லை. சென்னை நிறுவனம் ஒன்றின் கம்போடியச் சுற்றுலா. கோலாலம்பூர் வழியாக, அங்கோர் கோயில்களுக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப், நான்கு இரவு, இருபத்திரண்டு பேர்.

2012இல் இதே ஊருக்குத் தனியாக வந்திருக்கிறேன். அப்போது கோயில்களுக்கு ஒருநாள் டிக்கெட் 20 டாலர், விமான நிலையமும் ஊருக்குப் பக்கம். இப்போது டிக்கெட் 37, மூன்று நாளுக்கு 62. 2023இல் திறந்த புதிய விமான நிலையமோ ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ராத்திரியில் வண்டிக்காரரிடம் பேரம் பேசாமல் பஸ்ஸில் ஏறித் தூங்கிய அன்றே என் கொள்கை பாதி கரைந்துவிட்டது.

மறுநாள் நாலரைக்குப் புறப்பாடு. அங்கோர்வாட் மேற்குப் பார்த்த கோயில். சூரியன் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து எழும். அதைப் படமெடுத்ததும் குளக்கரைக் கூட்டம் காலை உணவுக்குக் கலைந்தது. எங்கள் வழிகாட்டி, கம்போடியாவின் கெமர் இனத்து இளைஞர், உணவுப் பொட்டலங்களை அப்புறம் பிரிக்கலாம் என்று சொல்லிவிட்டு எங்களை நேரே கிழக்குப் பிராகாரத்துக்கு நடத்தினார். பாற்கடல் கடையும் புடைப்புச் சிற்பம் அங்கேதான். ஏறத்தாழ 49 மீட்டர் நீளம். இடப்பக்கம் 92 அசுரர்கள், வலப்பக்கம் 88 தேவர்கள், நடுவில் திருமால். அந்த நேரத்து வெயில் தூண்களுக்கிடையே சாய்வாக விழுந்து ஒவ்வொரு தசையையும் எடுத்துக் காட்டியது.

என் அறைத்தோழி காரைக்குடி ஆச்சி, வயது எழுபது. எல்லோரும் திருமாலைப் பார்க்க, அவர் குனிந்து அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, இந்த மீன் ஏன் இரண்டு துண்டாகக் கிடக்கிறது?”

வழிகாட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. ஓரங்களில் மீன்களும் முதலைகளும் முழுசாக நீந்துகின்றன. மத்தாகிய மலையை நெருங்க நெருங்க, கடைகிற வேகத்தில் அவை அறுபட்டுச் சிதறுகின்றன. வால் ஒருபக்கம், தலை ஒருபக்கம். 2012இல் கையில் புத்தகத்தோடு இந்தச் சுவரை ஐந்தே நிமிடத்தில் கடந்திருக்கிறேன். மீன் என் கண்ணில் படவே இல்லை.

மேல்தளத்துக்குப் போகும் செங்குத்துப் படிகளை நானும் ஆச்சியும் ஏறவில்லை. கீழே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம்.

குறைகளுக்கு வருகிறேன். மூன்றாம் நாள் மதியம் முழுவதும் பட்டுக்கடைக்கும் ரத்தினக்கடைக்கும் என்று ஒதுக்கியிருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் அதற்கு ‘உள்ளூர்க் கைவினை அனுபவம்’ என்று பெயர்! நான் மேலாளரிடம் போய், விலகிக்கொள்ளலாமா என்று கேட்டேன். ‘என் சொந்தப் பொறுப்பில் போகிறேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு உடனே விட்டுவிட்டார். அதற்காக அவருக்குத் தனி நன்றி. டுக்டுக் பிடித்துப் பிரியா கான் போனேன். கெமர் மன்னன் ஏழாம் ஜெயவர்மன் தன் தந்தைக்காகக் கட்டிய கோயில். அதற்குள் வட்டத் தூண்கள் தாங்கும் இரண்டடுக்குக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அங்கோரில் அப்படியொன்றைக் காண்பது அரிது. ஒரு மணி நேரம் நானும் மைனாக்களும் மட்டும்.

சாப்பாடு நான்கு நாளும் சப்பாத்தி, பருப்பு, பனீர். வயதானவர்களுக்கு அது நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் கம்போடியாவுக்கு வந்து அமோக் சாப்பிடாமல் திரும்புவதா? தேங்காய்ப்பாலில் வாசனை மசாலா சேர்த்து வாழையிலைக் கிண்ணத்தில் வேகவைத்த மீன். கடைசி இரவு தனியாகப் போய்ச் சாப்பிட்டேன். ஆச்சி கூட வந்து, தொடாமல், செய்முறை மட்டும் கேட்டுக்கொண்டார்.

கட்டணம் போகத் தலைக்கு நாளொன்றுக்கு 5 டாலர் ‘டிப்ஸ்’ என்று அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். முன்பணம் கட்டும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். கடைகளுக்குக் கூட்டிப்போகும் நேரத்தில் விலகிப் போக அனுமதி உண்டா என்பதையும் கேளுங்கள். இல்லை என்றால் என்னைப் போன்றவர்கள் அந்த நிறுவனத்தை விட்டுவிடலாம். டாலர் நோட்டு புத்தம் புதிதாக இருக்கட்டும். சில்லறையைக் கம்போடிய ரியலில் கசங்கலாகவே கொடுப்பார்கள், நம்மிடமிருந்து மட்டும் கிழிந்த டாலரை வாங்கமாட்டார்கள். ஆச்சியின் இருபது டாலர் நோட்டு ஓரத்தில் நகக்கண் அளவு கிழிந்திருந்தது. நாலு கடை ஏறி இறங்கிவிட்டுக் காரைக்குடிக்கே திரும்பிவிட்டது.