சீல் பிரிக்காத பெட்டியில் வந்த பழைய டீசல் ஹீட்டர்

பனிக்கால கேம்பிங்குக்காக மலிவு விலை டீசல் ஹீட்டர் தேடிக்கொண்டிருப்பவர்கள் ஆர்டர் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன பிப்ரவரி கடைசியில் கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள அல்கோன்குவின் பூங்காவில், விடிகாலை மூன்று மணிக்கு, ஒன்பது வயதுப் பையனை ஸ்லீப்பிங் பேகோடு சேர்த்து டென்டுக்கு வெளியே பனியில் இழுத்துப் போட்டேன். அப்போது வெளியே மைனஸ் 19.

அந்தப் பூங்காவின் மியூ லேக் முகாம் 60ஆம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது, பனிக்காலத்திலும் திறந்திருக்கும். மின் இணைப்பு உள்ள இடங்களை மற்றவர்கள் முந்திக்கொண்டுவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது மின்சாரம் இல்லாத இடம். அதற்காகத்தான் நவம்பரிலேயே ஹீட்டர் வாங்கி வைத்திருந்தேன்.

லாரி ஓட்டுகிறவர்களுக்கு எஸ்பார், வெபாஸ்டோ என்ற பெயர்கள் தெரிந்திருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு கேபினில் தூங்கும்போது சூடு தருகிற ஜெர்மன் ஹீட்டர்கள் அவை. விலை கேட்டால் மயக்கம் வரும். அதைப் பார்த்துச் செய்த நகல்கள்தான் இப்போது ஆன்லைனில் மலிந்து கிடக்கின்றன. ஹீட்டர், பம்ப், டேங்க் எல்லாம் ஒரே பெட்டிக்குள், மேலே ஒரு கைப்பிடி. நான் வாங்கியதன் விலை 189 டாலர். '8 கிலோவாட்', 'புத்தம் புதியது', 'கனடா கிடங்கிலிருந்து மூன்று நாளில் டெலிவரி', 'ஒரு டேங்க்கில் இரவு முழுக்க' என்றெல்லாம் விளம்பரத்தில் இருந்தது.

அந்த 8 கிலோவாட்டை அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கணக்கு ஒன்றும் பெரிய கணக்கில்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் கிட்டத்தட்ட 10 கிலோவாட் மணி வெப்பம் வரும். அதே விளம்பரத்தில், அதிகபட்சச் செலவு மணிக்கு 0.5 லிட்டர் என்று போட்டிருந்தார்கள். அரை லிட்டர் என்றால் 5 கிலோவாட். அதிலும் ஐந்தில் ஒரு பங்காவது புகைக்குழாய் வழியாகப் போய்விடும். மிஞ்சுவது நாலு. உண்மையிலேயே 8 கிலோவாட் தர வேண்டுமானால் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும், ஐந்து லிட்டர் டேங்க் ஐந்து மணி நேரத்தில் காலி. ஆக, விளம்பரத்தின் முதல் வரியே கடைசி வரியோடு ஒத்துப்போகவில்லை. ஒரு டென்டுக்கு நாலு கிலோவாட் தாராளம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எண்ணில் கூசாமல் பொய் சொல்கிறவன் மற்றதில் மட்டும் நியாயமாக இருப்பானா என்று யோசிக்கவில்லை.

பெட்டி சீலோடுதான் வந்தது. கராஜில் வைத்துப் பிரித்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "புதுசுன்னு சொன்னீங்க, இப்பவே டீசல் நாத்தம் அடிக்குதே?" "ஃபேக்டரியில டெஸ்ட் பண்ணியிருப்பாங்க" என்றேன். பெரிய நிபுணர் மாதிரி. ஆசைக்கு நாலைந்து போட்டோ எடுத்து நண்பர்கள் குழுவில் போட்டேன். அந்தப் போட்டோக்கள்தான் பிற்பாடு என்னைக் காப்பாற்றின. ஹீட்டரை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காமல் அப்படியே மூடி வைத்தேன். இது முழுக்க முழுக்க என் தப்பு.

கேம்பில் வைத்த முறை சரியாகத்தான் இருந்தது. ஹீட்டரை டென்டுக்கு வெளியே பலகை மேல் வைத்தேன். நேராகப் பனியில் வைத்தால் சூட்டில் பனி உருகி, பெட்டி உள்ளே இறங்கி, புகைக்குழாயின் வாய் அடைபடும். புகைக்குழாயைக் காற்று வீசும் திசையிலேயே, டென்டை விட்டு விலக்கி, தண்ணீர் தேங்காதபடி கீழ்நோக்கிச் சாய்த்திருந்தேன். சூடான காற்று வருகிற டக்ட் மட்டும்தான் டென்டுக்குள். ஊற்றியது ஜனவரியில் பெட்ரோல் பங்க்கில் பிடித்த பனிக்கால டீசல்தான், மஞ்சள் கேனில் இருந்தது. கோடையில் பிடித்து மிச்சம் வைத்த டீசலை ஊற்றினால் இந்தக் குளிரில் மெழுகு பிடித்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும், அது வேறு கதை.

பட்டனை அழுத்தினால் முதலில், டீசலைப் பற்றவைக்கிற க்ளோ பிளக் சூடாகும். பத்து ஆம்பியர் வரை பேட்டரியை உறிஞ்சுகிற நேரம் அது. அப்புறம் பம்ப் 'டக்... டக்... டக்' என்று சொட்டுச் சொட்டாக டீசலைத் தள்ளும், லேசாக வெள்ளைப் புகை வரும், பிடித்துக்கொண்டதும் விசிறி சீராகச் சுற்றும். ஒன்பது மணிக்கெல்லாம் பையன் சட்டையோடு உட்கார்ந்து சீட்டு விளையாடினான். "அப்பா, வீட்டைவிட இங்கதான் சூடா இருக்கு" என்றான். எனக்கு ஒரே பெருமை.

இந்த ஹீட்டருக்குள் இரண்டு காற்றோட்டங்கள் உண்டு. டீசல் எரிவதற்கான காற்று ஒரு வழியில் போய்ப் புகையாக வெளியேறும். நாம் சுவாசிக்கிற காற்று, அலுமினிய வார்ப்புக்கு வெளிப்புறமாக உரசிக்கொண்டு போய்ச் சூடாகும். இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தொட்டால் டென்டுக்குள் வருவது வாசனையும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு.

வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த மோனாக்சைடு அலாரத்தைக் கழற்றி எடுத்துப் போயிருந்தோம். ஒன்டாரியோவில் எரிபொருளில் ஓடும் சாதனமோ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் இந்த அலாரம் கட்டாயம். 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் ஊரில் ஒரு குடும்பமே, பிள்ளைகள் உட்பட நாலு பேர், இந்த வாயுவால் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு 2013இல் நிறைவேறிய சட்டம் அது. சட்டத்துக்குப் பயந்து மாட்டிய அலாரம்தான் அன்றைக்குக் கூடவே வந்தது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் மனைவி தலைவலி என்று எழுந்தாள். நாலு மணி நேரம் கார் ஓட்டிய களைப்பு என்று அவளே சொல்லிக்கொண்டு, மாத்திரை தேட டார்ச் அடித்தபோது அலாரத்தின் திரை கண்ணில் பட்டிருக்கிறது. 58 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 58 பங்கு. சத்தமே இல்லை. அது பழுதில்லை, அது அப்படித்தான். வீட்டு அலாரங்கள் 70 பிபிஎம்மிலேயே ஒன்று முதல் நாலு மணி நேரம் கழித்துத்தான் கத்தும். 30க்குக் கீழே என்றால் பல மாடல்கள் திரையில் சைபரைத்தான் காட்டும். போதாததற்கு, இவற்றில் பல மாடல்கள் 4 டிகிரிக்கு மேலான சூட்டில்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்று அட்டையிலேயே எழுதியிருக்கும். அலாரம் கத்தவில்லையே என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள், எண் காட்டுகிற மாடலாக வாங்கிக் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.

பையனை இழுத்துப் போட்டேன், டக்டைப் பிடுங்கி எறிந்தேன், டென்டின் இரண்டு பக்க ஜிப்பையும் திறந்தேன். ஹீட்டரின் வயரைப் பிடுங்காமல் ஆஃப் பட்டனைத்தான் அழுத்தினேன். சட்டென்று மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் அதுவே கருகும் என்று படித்தது அந்த நேரத்திலும் நினைவுக்கு வந்தது ஆச்சரியம்தான். பையன் பனியில் உட்கார்ந்துகொண்டு, "கேம்பிங் முடிஞ்சிடுச்சா?" என்றான். விடியும்வரை முகாமின் கழிப்பறைக் கட்டடத்தில், ஹீட்டர் ஓடுகிற கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மதியம் ஊர் திரும்பி ரத்தம் சோதித்ததில் ஒன்றுமில்லை என்றார்கள். நல்ல காற்றில் நாலைந்து மணி நேரம் இருந்தாலே ரத்தத்தில் இதன் அளவு பாதியாகிவிடுமாம், அதனால் அந்த முடிவை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் இருக்கிறார். இருபது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவர், இந்த வகை ஹீட்டரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிப்பார். அவரிடம் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து அரை நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

"இது புதுசு எண்டு ஆர் தம்பி சொன்னது?"

"சீல் போட்டுத்தான் வந்துச்சு அண்ணா."

"சீல் ஒட்ட எவ்வளவு நேரம் செல்லும்? இஞ்ச பாரும், இந்த ஸ்க்ரூத் தலையெல்லாம் தேஞ்சு கிடக்குது. இது ஒரு இரவில பிடிச்ச கரியும் இல்லை. ஆரோ பாவிச்சுப்போட்டுத் திருப்பி அனுப்பின சாமான்."

உள்ளே எரியும் அறைக்கும் அலுமினிய வார்ப்புக்கும் நடுவே, இடைவெளியில் புகை கசியாமல் அடைக்கிற காஸ்கெட் ஒன்று இருக்கிறது. ஒருமுறை கழற்றினால் புதிது போட வேண்டும். யாரோ கழற்றிப் பார்த்து, பழையதையே திரும்ப வைத்து மூடியிருக்கிறார்கள். ஒரு மூலையில் என் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிழிந்து, அந்த இடத்தில் மட்டும் அலுமினியம் கறுத்திருந்தது. புகை காற்றோடு கலந்த இடம் அதுதான். கறுப்பு அங்கிருந்து டக்ட் பக்கமாக வால் மாதிரி நீண்டு போயிருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை.

விற்றவரோடு நடந்த சாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'அன்பு நண்பரே, வீடியோ அனுப்புங்கள்.' அனுப்பினேன். 'வேறு கோணத்தில் அனுப்புங்கள்.' அனுப்பினேன். 'ஹீட்டரை ஓடவிட்டு அனுப்புங்கள்.' விஷவாயு வருகிறது என்று சொல்கிறேன், ஓடவிடு என்கிறார். பிறகு 15 டாலர் தருகிறேன், ஐந்து நட்சத்திரம் போடுங்கள் என்றார். மறுத்ததும், பொருளைச் சீனாவுக்கு உங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள் என்று வந்தது. வரும்போது மட்டும் 'கனடா கிடங்கு'. விற்பனைத் தளமோ திருப்பும் கெடு முடிந்துவிட்டது என்று கைவிரித்தது.

கடைசியில் வழி கிடைத்தது கிரெடிட் கார்டில்தான். என் கார்டில் 120 நாளுக்குள் முறையிடலாம், எனக்கு அப்போது நூறு நாளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. பயன்படுத்திவிட்டுப் பழையது என்கிறார் என்று விற்றவர் வாதாடினார். அப்போதுதான் நவம்பரில் எடுத்த போட்டோக்கள் ஞாபகம் வந்தன. ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தால், பெட்டி பிரித்த அன்றைக்கே புகைக்குழாய் மாட்டுகிற வாய் உள்ளே கறுப்பாக இருக்கிறது. மூன்று மாதம் அந்தப் படம் என் போனிலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. ஏப்ரலில் பணம் வந்தது.

அதனால் வாங்கினால், வந்த அன்றைக்கே அந்த வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். கரி ஒட்டினால் அங்கேயே போட்டோ எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். ஒட்டாவிட்டாலும் வீட்டுக்கு வெளியே இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, டக்டின் வாயருகே அலாரத்தைப் பிடித்துப் பாருங்கள். கனடாவின் பாதுகாப்புச் சான்றான சிஎஸ்ஏ முத்திரை இருக்கிறதா என்றும் தேடுங்கள், என்னுடையதில் இல்லை.

ஹீட்டர் இன்னும் கராஜில்தான் கிடக்கிறது. 50 டாலர் தருகிறேன் என்று ஒருவர் கேட்டார், கொடுக்கவில்லை. அண்ணா மட்டும் அந்த பம்ப் நல்லாயிருக்குது, கழற்றித் தாரும் என்றார். கழற்றிக் கொடுத்துவிட்டேன்.