பஃபரைக் குறைப்பதா, டைரக்ட் மானிட்டரிங்கா?

"அண்ணா, எனக்குப் பின்னாடியே இன்னொருத்தி பாடுறா" என்று ஹெட்போனைக் கழற்றினாள் சித்தி மகள். மைக்கில் போன குரல் கணினிக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காதுக்குத் தாமதமாக வந்தால் அப்படித்தான் இருக்கும். லேட்டன்சி என்கிற இந்தத் தொல்லைக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் வைத்தியம் இரண்டு. பஃபரைக் குறைப்பது ஒன்று, டைரக்ட் மானிட்டரிங் இன்னொன்று.

பஃபர் என்பது கணினி ஒலியை அள்ளும் பாத்திரம். ஒலியை நொடிக்கு 44,100 துணுக்குகளாக (சாம்பிள்) அள்ளும் 44,100 ஹெர்ட்ஸில், 1024 சாம்பிள் பாத்திரம் நிரம்ப 23 மில்லிசெகண்ட் ஆகும். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று 46 ஆகிவிடுகிறது. அதையே 128 ஆக்கினால் போக வர 6 கூட இல்லை. யுஎஸ்பியும், ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் கன்வெர்ட்டரும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும், அவ்வளவுதான். ஒலி காற்றில் ஒரு மில்லிசெகண்டுக்கு 34 செ.மீ. போகிறது. ஆக, ஸ்பீக்கரை இரண்டு மீட்டர் தள்ளி வைத்துக் கேட்பது போலத்தான். ஆனால் பாத்திரம் சின்னதானால் கணினி ஓயாமல் அள்ள வேண்டும். பத்து டிராக், இரண்டு ரிவெர்ப் (அறை எதிரொலி எஃபெக்ட்) என்று ஏற்றியதும் என் பழைய லேப்டாப்பில் கடுகு வெடிக்கிற சத்தம் வந்துவிடும்.

டைரக்ட் மானிட்டரிங்கில் இந்தத் தலைவலி இல்லை. மைக் ஒலி கணினிக்குப் போகும் முன்பே இன்டர்ஃபேஸுக்குள் (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) பிரிந்து ஹெட்போனுக்கு வந்துவிடும். பஃபர் 1024லேயே கிடக்கட்டும். மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கை அணைக்க மறந்தால் மட்டும் அந்த 'இன்னொருத்தி' திரும்ப வந்துவிடுவாள். குறை என்னவென்றால் குரல் வறட்டென்று கேட்கும், பாடுகிறவர்களுக்குப் பிடிக்காது. அதற்கு ஒரு வழி உண்டு. இதற்கு மட்டும் மென்பொருள் மானிட்டரிங்கை அணைக்காமல், டிராக்கின் ஃபேடரை (ஒலி அளவுக் கட்டுப்பாடு) இறக்கிவிட்டு, ஃபேடருக்கு முன்பே ஒலியைப் பிரித்தெடுக்கும் ப்ரீ ஃபேடர் சென்ட் வழியாக, நேரடிக் குரல் கலக்காத முழு ஈர ரிவெர்பை மட்டும் கணினியிலிருந்து அனுப்புங்கள். ரிவெர்ப் 40 மில்லிசெகண்ட் தள்ளி வந்தால் யாருக்கும் தாமதமாகத் தெரியாது, அறை கொஞ்சம் பெரிதானது போல இருக்கும். குரலுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

எந்தக் கட்டையை அழுத்தினோம் என்ற தகவலை மட்டும் கணினிக்கு அனுப்பும் மிடி கீபோர்டுக்கு டைரக்ட் மானிட்டரிங் உதவாது. அங்கே ஒலி பிறப்பதே கணினிக்குள். பிரித்து அனுப்ப எதுவும் இல்லை. ஆம்ப்ளிஃபயரைப் போல ஒலிக்கவைக்கும் மென்பொருளான ஆம்ப் சிமுலேட்டரில் கிடார் வாசிப்பவருக்கும் இதே கதை. பஃபரைக் குறைத்தே ஆக வேண்டும். மற்ற டிராக்குகளை ஃப்ரீஸ் செய்து (எஃபெக்டோடு ஆடியோவாக உறையவைத்து), மாஸ்டரில் இருந்துகொண்டு தாமத்தைக் கூட்டும் லுக்-அஹெட் லிமிட்டரையும் லீனியர் ஃபேஸ் ஈக்யூவையும் தூக்கிவிட்டால் 128ல் ஓட்டலாம்.

விண்டோஸில் இன்டர்ஃபேஸ் இல்லாதவர்கள் ஏசியோ4ஆல் என்ற ஒலி டிரைவரைப் போடுகிறார்கள். விண்டோஸ் மிக்ஸரைத் தாண்டிப் போவதால் கீபோர்டு பழகப் பரவாயில்லை. மேக்கில் கோர் ஆடியோ என்ற ஒலி அமைப்பு கூடவே இருப்பதால் இது தேவையே இல்லை. புளூடூத் ஹெட்போனை மட்டும் ஓரமாக வைத்துவிடுங்கள். அதன் தாமதம் தனிக் கணக்கு.

அப்புறம், காதில் சரியாகக் கேட்டாலும் பதிவு டைம்லைனில் தள்ளி உட்காரலாம். டிரைவர் சொல்லும் தாமதக் கணக்கை நம்பித்தான் மென்பொருள் டிராக்கை முன்னே இழுக்கிறது. அந்தக் கணக்கு தப்பினால் டைரக்ட் மானிட்டரிங் காப்பாற்றாது. இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள் செருகி, மெட்ரோனோம் கிளிக்கை ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். அலை வடிவத்தைப் பெரிதாக்கி, அசல் கிளிக்குக்கும் பதிவான கிளிக்குக்கும் இடையே எத்தனை சாம்பிள் என்று எண்ணி, அதை ரெக்கார்டிங் ஆஃப்செட்டில் போட்டால் வேலை முடிந்தது.