ஒரு வாழ்வைவிட ஒரு நாள்: உண்மைக் கதைப் படப்புத்தகங்களுடன் சில ஆண்டுகள்

பல பண்பாட்டுப் பிள்ளைகளைப் பற்றிய படப்புத்தகங்களையும், உண்மையில் வாழ்ந்தவர்களின் கதையைச் சொல்லும் படப்புத்தகங்களையும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் சில ஆண்டுகளாக வாசித்துக் காட்டி வருகிறேன். மூத்தவள் இப்போது தானாகவே படிக்கிறாள். இளையவன் இன்னும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு அடுத்த பக்கத்தைத் தானே புரட்டுகிறான். புத்தகம் கைக்கு வந்த வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகள் ஓவியத்தையும் நல்ல நோக்கத்தையும் பாராட்டுவதோடு நின்றுவிடுகின்றன. அதே புத்தகத்தைப் பிள்ளை மறு ஆண்டும் தேடி எடுக்கிறதா என்பது அப்போது யாருக்கும் தெரிவதில்லை. எங்கள் அலமாரியில் நிலைத்தவற்றையும் தூசி படிந்தவற்றையும் பிரித்துப் பார்க்கையில் எனக்குத் தெளிவாகப் படுவது இதுதான்: ஒருவருடைய முழு வாழ்வையோ ஒரு நாட்டின் முழுப் பண்பாட்டையோ சொல்ல முயலும் புத்தகங்கள் விரைவில் ஓய்ந்துவிடுகின்றன, ஒருவருடைய ஒரு நாளையோ ஒரே ஒரு பிடிவாதத்தையோ சொல்பவை நீடிக்கின்றன.

இதற்கு அச்சுத் தொழில் சார்ந்த ஒரு காரணமும் உண்டு. பெரிய தாளில் அச்சிட்டு மடித்து வெட்டும் முறையால் படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன. தலைப்புப் பக்கமும் பதிப்பு விவரமும் போக மீதமிருக்கும் இடத்தில் பிறப்பு, பள்ளி, போராட்டம், பரிசு, மறைவு என்று அனைத்தையும் அடுக்கினால் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓரிரு வரிகளே கிடைக்கும். அவ்வாறு எழுதப்பட்ட புத்தகங்களை என் மகள் ஒருமுறை கேட்டுவிட்டு, பாடம் முடிந்த முகத்தோடு எழுந்து போயிருக்கிறாள்.

மாறாக, ரூபி பிரிட்ஜஸைப் பற்றிய புத்தகம் இன்றும் எடுக்கப்படுகிறது. 1960 நவம்பர் 14 அன்று, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், அதுவரை வெள்ளையர் பிள்ளைகள் மட்டுமே படித்துவந்த ஒரு தொடக்கப் பள்ளிக்குள் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி கூட்டாட்சிக் காவலர்கள் புடைசூழச் சென்றாள். வெளியே கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வகுப்பிலிருந்து அழைத்துக்கொண்டு போனார்கள். பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை அந்த ஆண்டு முழுவதும் அவள் ஒருத்திக்காக மட்டும் பாடம் நடத்தினார். பெரியவர்களாகிய நமக்கு அந்தக் கூட்டத்தின் படம்தான் கண்ணில் படுகிறது. என் மகளோ காலியாகக் கிடந்த மேசைகளின் மேல் விரலை வைத்து, "அப்ப இவ யாரோட விளையாடுவா?" என்று கேட்டாள். நிறவெறி என்ற சொல்லை அவளிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தக் கேள்வியைவிட அதிகமாக அது எதையும் விளக்கியிருக்காது. அந்தச் சிறுமி 1954இல் பிறந்தவர், இப்போதும் வாழ்கிறார் என்று தெரிந்தபோது ஏற்பட்ட வியப்பும் பெரிது. பழங்காலத்துக் கதை என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்று சட்டென்று தன் பாட்டியின் வயதுக்கு வந்து நின்றதை அவளால் நெடுநேரம் விட முடியவில்லை.

பனித்துகள்களைப் படம் பிடித்த வில்சன் பென்ட்லியின் கதை இளையவனுடையது. படப்புத்தக ஓவியத்துக்காக அமெரிக்காவில் வழங்கப்படும் கால்டிகாட் பதக்கத்தை 1999இல் பெற்ற அந்தப் புத்தகத்தில் மரச்செதுக்குப் படங்களின் ஓரமாக ஒரு தனிப் பத்தி ஓடுகிறது. கதை நடுவில் எளிமையாகச் செல்ல, ஆண்டும் கருவியும் வேலை முறையும் ஓரப் பத்தியில் நிற்கின்றன. நான்கு வயதில் நடுப்பகுதியை மட்டும் கேட்டவன், சில ஆண்டுகள் கழித்து ஓரத்தில் இருப்பதையும் வாசிக்கச் சொன்னான். ஒரே புத்தகம் இரு வயதுகளுக்குப் பயன்பட்டது. பென்ட்லிக்குப் பதினேழு வயதானபோது அவருடைய பெற்றோர் சேமிப்பைச் செலவழித்து நுண்ணோக்கி இணைந்த புகைப்படக் கருவியை வாங்கித் தந்தார்கள். அதன் விலை அவர்களிடமிருந்த பத்துப் பசுக்களின் விலைக்குச் சமம் என்று சொல்லும் இடத்தில் இவன் ஒவ்வொரு முறையும் வாசிப்பை நிறுத்துவான். முதல் வெற்றிகரமான படம் 1885இல்தான் கிடைத்தது; இடைப்பட்ட குளிர்காலங்களில் கிடைத்ததெல்லாம் தோல்வி. அந்தத் தோல்வியைத் தாவிச் செல்லாமல் காட்டியதால்தான் பின்னர் வந்த 5,000க்கும் மேற்பட்ட படங்களுக்கு மதிப்பு வருகிறது.

ஆப்பிரிக்க நாடான மலாவியில் பஞ்சக் காலத்தில் பள்ளியை விட்டு நிற்க நேர்ந்த வில்லியம் காம்குவாம்பா, மிதிவண்டிச் சட்டத்தையும் டிராக்டர் விசிறியையும் கொண்டு காற்றாலை கட்டிய கதையும் இதே வகை. இதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பழைய மிதிவண்டி ஒன்றின் நிலை என்னவாயிற்று என்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

பண்பாட்டு வேறுபாட்டை அறிமுகப்படுத்தும் புத்தகங்களில் தேர்வு இன்னும் கடினம். பக்கத்துக்கு ஒரு நாடு, நாட்டுக்கு ஒரு உடை, உடைக்கு ஒரு சிரித்த முகம் என்று செல்லும் தொகுப்புகள் பரிசாக நிறைய வந்து சேர்கின்றன. அவற்றில் எதுவும் இரண்டாம் வாசிப்பைத் தாண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் சிக்கல் இல்லை. கோபமோ பொறாமையோ கிடையாது. 1962இல் வெளிவந்து அடுத்த ஆண்டு கால்டிகாட் பதக்கம் பெற்ற எஸ்ரா ஜாக் கீட்ஸின் புத்தகத்தில் பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் செய்வதெல்லாம் பனியில் விளையாடிவிட்டு, பனி உருண்டை ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவதுதான். அது உருகிப் போகும் என்று பீட்டருக்கு முன்பே அறிந்த பெருமிதத்தில் என் மகன் அவனைத் தன் தோழனாக ஏற்றுக்கொண்டான்.

புத்தகங்கள் சில பிள்ளைகளுக்குத் தங்களையே காட்டும் கண்ணாடியாகவும் சிலருக்குப் பிறர் வாழ்வைக் காட்டும் சன்னலாகவும் அமைகின்றன என்று அமெரிக்கச் சிறுவர் இலக்கிய ஆய்வாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதினார். அந்தக் கண்ணாடி எவ்வளவு அரிதாக இருந்தது என்பதற்கு அமெரிக்கக் கணக்கு ஒன்று உண்டு: விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் 1985இல் எண்ணத் தொடங்கியபோது, அவ்வாண்டின் ஏறத்தாழ 2,500 சிறுவர் நூல்களில் 18 மட்டுமே கறுப்பினத்தவர் எழுதியவையாகவோ வரைந்தவையாகவோ இருந்தன. ஒரு சமூகத்தைப் பற்றிய புத்தகமும் அந்தச் சமூகத்தவரே எழுதிய புத்தகமும் ஒன்றல்ல என்பதால், ஆசிரியரும் ஓவியரும் யார் என்று அட்டையின் உட்புறத்தில் பார்ப்பது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

உண்மைக் கதை என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்குவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வாசித்துக் காட்டும் முன் கடைசிப் பக்கத்து ஆசிரியர் குறிப்பை நான் படித்துவிடுகிறேன். எந்த உரையாடல் கற்பனை, எந்த நிகழ்வு விடுபட்டது என்று நேர்மையாகச் சொல்லும் ஆசிரியர்கள் அங்கேதான் தெரிவார்கள். ஆனால் குறிப்பு எல்லாவற்றையும் ஈடு செய்துவிடாது. ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைச் சமையற்காரர் ஹெர்குலிஸும் அவர் மகளும் சிரித்த முகத்தோடு பிறந்தநாள் கேக் செய்வதாகக் காட்டிய படப்புத்தகம் ஒன்று, கடும் எதிர்ப்புக்குப் பின் 2016 ஜனவரியில் பதிப்பகத்தாலேயே திரும்பப் பெறப்பட்டது. அதே ஹெர்குலிஸ் 1797இல், வாஷிங்டனின் பிறந்தநாளன்றே தப்பியோடினார் என்பதுதான் உண்மை வரலாறு. அந்த ஓட்டத்தைக் கதைக்கு வெளியே, பின்குறிப்பில் வைத்தால் படத்தில் இருக்கும் சிரிப்புதான் பிள்ளையின் மனத்தில் நிற்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் யாரும் பின்குறிப்பு படிப்பதில்லை.

ஒரே மனிதரைப் பற்றிய இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்து வாசிப்பது இதற்கு நல்ல மருந்து. 1977இல் மரம் நடும் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கி, 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற கென்யாவின் வங்காரி மாத்தாய் பற்றிப் பல படப்புத்தகங்கள் உள்ளன. ஒன்றில் மரம் நடுவதும் பெண்கள் கூடுவதும் மட்டுமே. இன்னொன்றில் அவர் அடிபட்டதும் சிறைக்குப் போனதும் வருகின்றன. இரண்டையும் கேட்ட மகள், முதல் புத்தகத்தை எழுதியவருக்கு அது தெரியாதா, தெரிந்தும் எழுதவில்லையா என்று கேட்டாள். அந்த மாலைப் பேச்சு இரண்டு புத்தகங்களையும் தாண்டிப் போயிற்று. வலியைக் காட்டும் பக்கங்களை மறைக்க வேண்டுமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நான் மறைப்பதில்லை; ஆனால் தூங்கும் நேரத்தில் அவற்றை எடுப்பதில்லை, பகலில் வாசிக்கிறேன்.

கட்டமைப்பைப் பற்றி ஓரிரு வார்த்தைகள். தையல் கட்டுப் புத்தகங்கள் இன்றும் உறுதியாக உள்ளன. பசையால் ஒட்டியவை நடுப்பக்கத்தில் பிளந்துவிட்டன. விரித்து மடிக்கும் பெரிய பக்கங்கள் முதலில் கிழிகின்றன. மேலுறையை வந்த அன்றே கழற்றி வைத்துவிடுவது நல்லது.

பெரிய குறை ஒன்று மீதமிருக்கிறது. உண்மைக் கதைகளில் தலைவர்களும் அறிவியலாளர்களும் விளையாட்டு வீரர்களும் குவிந்துகிடக்கிறார்கள். புகழ்பெறாத ஒரு தச்சரின், மீனவரின், செவிலியரின் உண்மையான ஒரு நாளைச் சொல்லும் புத்தகம் மிக அரிதாகவே கைக்கு வருகிறது. மகன் இப்போது கேட்பது அதைத்தான். நூலகப் பட்டியலில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.